சின்ன சார்ஜர் எத்தனை வருஷம் உழைக்கும்?

2020 அக்டோபரில் ஐபோன் 12 வந்தபோது பெட்டிக்குள் சார்ஜர் இல்லை. சாம்சங்கும் மற்ற சில நிறுவனங்களும் ஒன்றன்பின் ஒன்றாக அதே வழிக்கு வந்தன. அதுவரை போனோடு சேர்ந்து வந்த சார்ஜர், தனியாக விலை விசாரித்து வாங்கவேண்டிய பொருளானது. ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் பொதுவான சார்ஜருக்கென்று சட்டமே கொண்டுவந்தது. 2024 டிசம்பர் 28 முதல் அங்கே விற்கும் போன், டேப்லட், ஹெட்போன் போன்றவற்றுக்கு யு.எஸ்.பி.-சி போர்ட் கட்டாயம். மடிக்கணினிகளுக்கு 2026 ஏப்ரல் 28 கெடு. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் 2023 ஜனவரியில் யு.எஸ்.பி.-சி-க்கான இந்தியத் தரத்தை வெளியிட்டது. தூக்கி எறியப்படுவதும் பயன்படாமல் கிடப்பதுமான சார்ஜர்களால் ஐரோப்பாவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 11,000 டன் மின்குப்பை சேர்கிறது என்பது அந்தச் சட்டத்துக்கு ஒன்றியம் காட்டிய காரணங்களில் ஒன்று.

ஒரு சார்ஜர் இந்த போனுக்கும் அடுத்த போனுக்கும் மடிக்கணினிக்கும் உழைக்கும் என்ற நம்பிக்கையில்தான் இந்த ஏற்பாடு முழுவதும் நிற்கிறது. சார்ஜர் அத்தனை காலம் தாங்குமா என்பதை மட்டும் யாரும் சட்டத்தில் எழுதவில்லை.

கடையில் ஒரு சார்ஜர் பெட்டியை எடுத்துப் பாருங்கள். எத்தனை வாட், எத்தனை போர்ட், என்னென்ன வோல்டேஜ், பின் மடங்குமா மடங்காதா என்பதெல்லாம் அச்சாகியிருக்கும். எத்தனை ஆண்டு உழைக்கும் என்பது இருக்காது. வாரண்டி ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுவரை இருக்கும். அது நிறுவனத்தின் வியாபாரக் கணக்கு. அதற்குள் திரும்பி வருகிற சார்ஜர்களை மாற்றிக்கொடுக்கக் கட்டுப்படியாகும் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. சிலர் தொழில்நுட்பத் தாளில் ‘சராசரிப் பழுது இடைவெளி ஒரு லட்சம் மணி நேரம்’ என்று போடுவதுண்டு. ஆண்டுக்கு 8,760 மணி நேரம் என்பதால், பதினோரு ஆண்டுக்கு மேல் தாங்கும் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். அப்படிப் பொருள் கொள்ளக்கூடாது. நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு லட்சம் சார்ஜர்களில், மணிக்குச் சராசரியாக ஒன்று எதிர்பாராமல் பழுதாகலாம் என்பதுதான் அதன் பொருள். தேய்ந்து, வறண்டு, வயதாகி நிற்பது அந்தக் கணக்கில் வராது. பெரும்பாலும் 25 டிகிரி வெப்பத்துக்குப் போட்ட கணக்கு வேறு. நம் ஊரில் சித்திரை மாதத்து மாடி அறைக்கு அது பொருந்தாது.

எனவே விடையைப் பெட்டியில் தேடிப் பயனில்லை. சார்ஜருக்கு உள்ளேதான் பார்க்கவேண்டும்.

வீட்டுக்கு வருவது 230 வோல்ட் மாறுமின்சாரம். பிளக் வழியாக நுழைந்ததும் முதலில் ஒரு ஃபியூஸ். அடுத்து, சார்ஜரின் மின் இரைச்சல் வெளியே போகாமல் தடுக்கும் சுருள். பிறகு நான்கு டயோடுகள் சேர்ந்த பிரிட்ஜ். அது மாறுமின்சாரத்தை ஒரே திசைக்குத் திருப்பும்போது உச்சம் 325 வோல்ட்டைத் தொடுகிறது. அதைத் தேக்கிவைக்க உருளை வடிவில் ஒரு கெப்பாசிட்டர். அங்கிருந்து ஒரு டிரான்சிஸ்டர் மின்சாரத்தை விநாடிக்கு லட்சம் முறை அல்லது அதற்கும் மேல் வெட்டி வெட்டி ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மருக்கு அனுப்ப, மறுபக்கத்தில் 5, 9, 15, 20 என்று போனோ மடிக்கணினியோ கேட்கிற வோல்ட் வெளியே வருகிறது. என்ன வேண்டும் என்று கருவியிடம் பேசி முடிவுசெய்ய வாசலில் ஒரு சிப். இத்தனையும் ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய இடத்தில்.

இவற்றில் சிப்பும் டயோடும் டிரான்ஸ்ஃபார்மரும் நல்லபடியாகச் செய்யப்பட்டிருந்தால் எளிதில் சாவதில்லை. முதலில் வயதாவது அந்த உருளைக் கெப்பாசிட்டருக்குத்தான். அலுமினியத் தகடுகளுக்கு நடுவே திரவத்தில் நனைந்த காகிதத்தைச் சுருட்டி, அடியில் ரப்பரால் அடைத்துச் செய்த பொருள் அது. சூடு ஏற ஏற அந்தத் திரவம் ரப்பர் வழியாக மெல்ல மெல்ல ஆவியாகி வெளியேறுகிறது. திரவம் குறைந்தால் தேக்கும் திறன் குறையும், உள்தடை கூடும், உள்தடை கூடினால் இன்னும் சூடாகும், சூடு கூடினால் திரவம் இன்னும் வேகமாக வெளியேறும். பல வருஷம் ஒரு மடிக்கணினிக்கு உழைத்து நின்றுபோன சார்ஜர் ஒன்றை அறுத்துத் திறந்து பார்த்திருக்கிறேன். கெப்பாசிட்டரின் தலையில் சிலுவை மாதிரி கீறிவிட்டிருப்பார்கள், அழுத்தம் கூடினால் வெடிக்காமல் அந்த இடத்தில் பிளந்துகொள்ள. அந்தச் சிலுவை தட்டையாக இல்லாமல் லேசாக மேடிட்டிருந்தது. பக்கத்தில் போர்டின் பச்சை நிறம் பழுப்பாகியிருந்தது. கழற்றி அளந்தால், மேலே அச்சிட்ட அளவில் பாதிகூட இல்லை. மற்ற எல்லா உறுப்பும் நன்றாகவே இருந்தன.

இந்த வயதுக்கு ஓரளவு நம்பத்தகுந்த கணக்கு உண்டு. கெப்பாசிட்டரின் உடம்பிலேயே ‘105 டிகிரி’ என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த வெப்பத்தில் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதைத் தயாரிப்பாளரின் தாளில் பார்க்கலாம்: 2,000 மணி, 5,000 மணி, நல்ல வகையில் 10,000 மணி. வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும் என்பது பொறியாளர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் வாய்பாடு. 2,000 மணி நேர வகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். உள்ளே 85 டிகிரி இருந்தால் 8,000 மணி. தினம் எட்டு மணி நேரம் முழுச் சுமையில் ஓடினால் மூன்று வருஷம்கூட வராது. அதே கெப்பாசிட்டர் 75 டிகிரியில் இருந்தால் ஐந்தரை வருஷம். 65 டிகிரியில் பதினோரு வருஷம். 5,000 மணி நேர வகையைப் போட்டிருந்தால் 75 டிகிரியிலேயே பதின்மூன்று வருஷத்தைத் தாண்டும். இரண்டு கெப்பாசிட்டர்களுக்கும் உள்ள விலை வித்தியாசம் சில ரூபாய்தான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு சார்ஜரும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இந்த வாய்பாட்டை எல்லையில்லாமல் நீட்டவும் முடியாது. குளிர்ந்த இடத்தில் வைத்தால் நூறு வருஷம் என்று கணக்கில் வரலாம். ரப்பருக்கே வயதாகிவிடுவதால் பதினைந்து வருஷத்துக்கு மேல் கெப்பாசிட்டர் தயாரிப்பாளர்களே உறுதி சொல்வதில்லை.

இங்கே சின்ன சார்ஜர் என்ற பேச்சு வருகிறது. 2018 கடைசியில் அன்கர் நிறுவனம் காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டர் வைத்த சார்ஜரை அறிமுகப்படுத்தியது முதல், ‘கான் சார்ஜர்’ என்ற பெயர் பரவலாகிவிட்டது. நீல எல்.இ.டி. விளக்கைச் சாத்தியமாக்கி 2014-இல் மூன்று விஞ்ஞானிகளுக்கு இயற்பியல் நோபல் பரிசு வாங்கிக்கொடுத்த அதே பொருள்தான் இது. சிலிக்கானைவிட வேகமாகத் திறந்து மூடும். ஒவ்வொரு முறையும் வீணாகும் ஆற்றல் குறைவு. வேகம் கூடினால் டிரான்ஸ்ஃபார்மரைச் சின்னதாக்கலாம். சார்ஜரும் சின்னதாகும்.

விளம்பரங்கள் இதை ‘குளுமையாக ஓடும்’ என்று சொல்கின்றன. கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு கதை தெரியும். 88 சதவீதத் திறனுள்ள பழைய 65 வாட் சார்ஜர் முழுச் சுமையில் சுமார் 9 வாட்டை வெப்பமாக வீணாக்கும். 93 சதவீதத் திறனுள்ள புதியது சுமார் 5 வாட். வெப்பம் 56 சதவீதமாகக் குறைந்தது உண்மையான லாபம். ஆனால் அதே நேரத்தில் சார்ஜரின் பருமனைப் பாதியாக்கினால், வெப்பம் வெளியேறும் மேற்பரப்பு 63 சதவீதமாகச் சுருங்கிவிடும். பருமனை இன்னும் கொஞ்சம் குறைத்தால் மிச்சமே இல்லை; தோல் அதே சூட்டில்தான் இருக்கும். காலியம் நைட்ரைடு சம்பாதித்துக் கொடுத்ததையெல்லாம் நிறுவனங்கள் அளவைக் குறைப்பதிலேயே செலவழித்துவிட்டன. அதில் ஒரு பங்கையாவது ஆயுளுக்கு ஒதுக்கியிருக்கலாம் என்பது என் வருத்தம். பையில் இரண்டு விரல் இடம் மிச்சமாவது கடையிலேயே கண்ணுக்குத் தெரிகிறது. கூடுதலாகக் கிடைத்திருக்கவேண்டிய நான்கு வருஷம் தெரிவதில்லை.

உருளைக் கெப்பாசிட்டரை மட்டும் காலியம் நைட்ரைடால் பெரிதாகச் சின்னதாக்க முடியவில்லை. வீட்டு மின்சாரம் விநாடிக்கு ஐம்பது முறை ஏறி இறங்குகிறது. பிரிட்ஜ் இரு பாதியையும் ஒரே திசைக்குத் திருப்புவதால், ஒரு உச்சத்துக்கும் அடுத்த உச்சத்துக்கும் நடுவே பத்து மில்லி விநாடிப் பள்ளம். அந்தப் பள்ளத்தை நிரப்புவதுதான் அதன் வேலை. டிரான்சிஸ்டர் எவ்வளவு வேகமாக வெட்டினாலும் பள்ளத்தின் நீளம் மாறாது. வெளிவாசல் பக்கத்தில் இப்போது திரவமே இல்லாத திண்மப் பாலிமர் கெப்பாசிட்டர் போடுகிறார்கள். அது அவ்வளவு சீக்கிரம் வறளாது. 325 வோல்ட் பக்கம் மட்டும் பழைய திரவ வகையே நிற்கிறது. சுருங்கிக்கொண்டே வரும் பெட்டிக்குள், சூடான டிரான்ஸ்ஃபார்மரோடு உரசிக்கொண்டு நிற்கும்படி ஆகிவிட்டது அதன் நிலை. நல்ல நிறுவனங்கள் வெப்பம் கடத்தும் சாம்பல் நிறப் பசையை இடைவெளியெல்லாம் ஊற்றி, சூடு ஓரிடத்தில் தேங்காமல் பார்த்துக்கொள்கின்றன. சார்ஜரைக் கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்கிறதே என்று தோன்றுவது பெரும்பாலும் இந்தப் பசையால்தான். அந்தக் கனம் நல்ல அறிகுறி.

காலியம் நைட்ரைடு டிரான்சிஸ்டரின் சொந்த ஆயுள் பற்றியும் சொல்லவேண்டும். சிலிக்கான் டிரான்சிஸ்டர் அளவுமீறிய வோல்டேஜ் வந்தால் சற்று நேரம் அதைத் தானே விழுங்கிச் சமாளிக்கும். காலியம் நைட்ரைடுக்கு அந்தக் குணம் இல்லை. அதனால் வடிவமைக்கும்போதே தாங்கும் வோல்டேஜைத் தாராளமாக வைக்கிறார்கள். இவை வீடுகளுக்குப் பரவலாக வந்து இன்னும் பத்தாண்டு முழுதாக ஆகவில்லை. சோதனைச்சாலையில் சூடேற்றி வேகமாக முதுமையாக்கிப் பார்த்த முடிவுகள் திருப்திகரமானவை. என் கணிப்பில், பெரும்பாலான கான் சார்ஜர்களில் காலியம் நைட்ரைடு நன்றாக இருக்கும்போதே கெப்பாசிட்டர் போய்விடும்.

கணக்கில் வரும் வெப்பம் சார்ஜருக்குள் பிறப்பது மட்டும் இல்லை. சுற்றியிருக்கும் காற்றின் வெப்பத்தின் மேல்தான் அது ஏறி உட்காரும். 25 டிகிரி அறையில் உள்ளே 70 டிகிரி காட்டிய சார்ஜர், கத்திரி வெயிலில் 40 டிகிரி ஆகும் வேலூர் வீட்டில் 85 டிகிரி காட்டும். பதினைந்து டிகிரி கூடினால் ஆயுள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். குளிர் நாட்டுச் சோதனைகளைப் படித்துவிட்டு நாம் அப்படியே நம்பக்கூடாது என்பதற்கு இது ஒரு காரணம். நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் 120 வோல்ட்டில் ஓடும் சார்ஜர், அதே வேலைக்கு நம்மைப்போல் இரண்டு மடங்கு கரண்டை உள்ளே இழுக்கவேண்டும்; பிரிட்ஜும் கெப்பாசிட்டரும் அங்கே கூடுதலாகச் சூடாகும். நம் 230 வோல்ட்டில் அந்தச் சுமை குறைவு.

அந்தச் சாதகத்தை மின் இணைப்பே பறித்துக்கொள்ளும் சந்தர்ப்பங்கள் இங்கே அதிகம். தமிழ்நாட்டில் சார்ஜர் ஒரே நொடியில் செத்துப்போகும் கதைகளைக் கேட்டால், பலவற்றில் ‘நியூட்ரல் கட்’ என்ற வார்த்தை வந்துவிடும். தெருவுக்கு வரும் மூன்று ஃபேஸ் லைனில் நியூட்ரல் கம்பி அறுந்தாலோ பிடிப்பு விட்டாலோ, வீடுகள் இரண்டு ஃபேஸ்களுக்கு நடுவே தொடராக மாட்டிக்கொள்ளும். சுமை குறைவாக உள்ள வீட்டுக்கு 230-க்குப் பதில் 300, 350 என்று ஏறி, மோசமான நிலையில் 415 வோல்ட்டை நெருங்கும். 415-இன் உச்சம் 587 வோல்ட். சார்ஜருக்குள் இருக்கும் உருளைக் கெப்பாசிட்டரோ 400 வோல்ட்டுக்குச் செய்தது. ‘படார்’ என்று சத்தம், கருகிய வாடை, முடிந்தது. அந்த நேரத்தில் விலை உயர்ந்த சார்ஜருக்கும் மலிவானதற்கும் ஆயுளில் வித்தியாசம் கிடையாது. எப்படிச் சாகிறது என்பதில் மட்டும் வித்தியாசம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

இடி வேறு. சித்திரை வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி அடைமழையிலும் லைனில் மின்னல் தூண்டும் துடிப்பு ஒரு கணத்தில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக வரலாம். அதை உறிஞ்ச வாசலிலேயே வேரிஸ்டர் என்ற நீல வில்லை ஒன்றைப் போடுவது நல்ல வழக்கம். ஒவ்வொரு அடியிலும் அது கொஞ்சம் தேயும். மலிவான சார்ஜர்களில் அதற்கான இடம் போர்டில் காலியாக இருப்பதைப் பார்க்கலாம்: துளை உண்டு, வில்லை இல்லை. இடி இடிக்கும்போது ஸ்விட்சை அணைத்தால் போதும் என்று நினைக்கவேண்டாம். ஸ்விட்சுக்குள் இருக்கும் இடைவெளி மிகச் சிறியது. அது ஃபேஸ் கம்பியை மட்டும்தான் துண்டிக்கிறது. சார்ஜரைக் கழற்றிவிடுவதே சரி.

மற்ற நாட்களில் ஸ்விட்ச் மிகவும் நல்ல வசதி. சார்ஜரைச் செருகும் கணத்தில் காலியாக இருக்கும் கெப்பாசிட்டர் ஒரே மூச்சில் நிரம்பப் பார்க்கும். அந்த இழுப்பில்தான் ‘சடக்’ என்று பொறி பறக்கிறது. ஸ்விட்ச் போட்டபடியே பிளக்கைச் செருகுகிறவர் வீட்டுச் சார்ஜரின் பின் நுனியைப் பாருங்கள், குண்டூசியால் குத்தியது போலக் கரும்புள்ளிகள் இருக்கும். ஸ்விட்சை அணைத்துவிட்டுச் செருகி, பிறகு போட்டால் அந்தப் பொறியை ஸ்விட்ச் வாங்கிக்கொள்ளும். மின் கட்டணத்துக்குப் பயந்து தினமும் சார்ஜரைக் கழற்றுவது வீண் வேலை. இன்றைய நல்ல சார்ஜர் சும்மா இருக்கும்போது 0.1 வாட்டுக்கு மேல் எடுப்பதில்லை. வருஷம் முழுக்கச் செருகியே வைத்தாலும் ஒரு யூனிட்கூட ஆகாது. கழற்றிக் கழற்றி மாட்டுவதில் சாக்கெட்டின் பிடிப்புதான் தளர்கிறது.

அந்தத் தளர்ச்சி இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படாத பகுதி. நம் வீடுகளில் ஸ்விட்ச் போர்டு நெஞ்சு உயரத்தில் இருக்கும். சார்ஜர் அதில் நீட்டிக்கொண்டு நிற்கும். கேபிள் கீழே தொங்கும். அதன் நுனியில் சில வீடுகளில் போனும் தொங்கும். சார்ஜரின் கனம் முழுவதையும் இரண்டு மெல்லிய பின்கள் தாங்கவேண்டும். ஐந்து மில்லிமீட்டர் பருமனுள்ள பின்னுக்குச் செய்த சாக்கெட்டில் அதைவிட மெலிந்த பின்னைச் செருகினால் பிடிப்பு அரைகுறைதான். பிடிப்பு குறைந்த இடத்தில் தடை கூடும், சூடு கூடும், சாக்கெட்டின் பித்தளை மேலும் தளரும். அமெரிக்காவிலிருந்து வந்த தட்டைப் பின் சார்ஜரைக் கன்வெர்ட்டர் வைத்து மாட்டினால் இதே தொல்லை இரு மடங்கு. பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால், கோளாறு சார்ஜரில்தான் என்று முடிவுகட்டுவதற்கு முன் சாக்கெட்டைப் பாருங்கள்.

பின் உடைவதும் கற்பனை இல்லை. ஆப்பிள் நிறுவனம் 2003 முதல் 2015 வரை கொடுத்த இரண்டு பின் பிளக் முனைகள் உடைந்து, தொட்டால் ஷாக் அடிக்கும் அபாயம் இருப்பதாக 2016 ஜனவரியில் பல நாடுகளில் திரும்பப் பெற்றுக்கொண்டது. பன்னிரண்டு ஆண்டு விற்ற பிறகுதான் அந்த முடிவு வந்தது. அசையும் பாகம் அதிகம் ஆக ஆக இந்த அபாயம் கூடும். மடங்கும் பின் எனக்கு அவ்வளவாகப் பிடிக்காததற்கு அதுவே காரணம். பயணத்துக்கு வசதி, மறுக்கவில்லை. வீட்டுச் சுவரிலேயே இருக்கப்போகும் சார்ஜருக்கு அது தேவையில்லை.

யு.எஸ்.பி.-சி போர்ட்டைப் பற்றி மனதாரப் பாராட்டிச் சொல்ல நிறைய இருக்கிறது. பழைய சார்ஜர்களில் கேபிள் பிரிக்கமுடியாதபடி ஒட்டியே வரும். சார்ஜரின் கழுத்தில் கேபிள் ஒடிந்தால் சார்ஜரே போச்சு. இப்போது ஒடிவது கேபிள் மட்டும். போர்ட்டின் உள்ளமைப்பிலும் அதே அக்கறை தெரிகிறது. தேய்ந்து தளரக்கூடிய வில் போன்ற தொடுமுனைகளைக் கேபிள் பக்கம் வைத்து, சார்ஜர் பக்கம் தட்டையான நாக்கு ஒன்றை மட்டும் வைத்திருக்கிறார்கள். 10,000 முறை செருகி எடுக்கத் தாங்கவேண்டும் என்பது தர நிர்ணயம். தினம் மூன்று முறை என்றால் ஒன்பது வருஷம். பழைய சாதாரண யு.எஸ்.பி.-ஏ போர்ட்டுக்கு அந்த எண் 1,500-தான். இன்னொன்று: யு.எஸ்.பி.-ஏ போர்ட்டில் எப்போதும் 5 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். சி-யில் மறுமுனையில் கருவி இருக்கிறது என்று உறுதியானால்தான் வோல்டேஜ் வரும். நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று ஊர்களில் இது பெரிய நன்மை. ஈரமும் உப்பும் படிந்த தொடுமுனையில் வோல்டேஜ் நின்றுகொண்டே இருந்தால் பூச்சு அரித்துக் கறுத்துவிடும். வோல்டேஜ் இல்லாத போர்ட்டில் அந்த அரிப்பு மெதுவாகத்தான் நடக்கும்.

பத்தாயிரம் என்பது நேராகச் செருகி நேராக எடுக்கும் இயந்திரத்தின் கணக்கு. கேபிளைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுப்பது, நடந்து போகிறவரின் கால் தட்டுவது எல்லாம் அதில் இல்லை. அப்படிப்பட்ட இழுப்பில் போர்ட்டைப் போர்டோடு பிடித்திருக்கும் ஈயப்பற்று முதலில் விரிசல் விடும். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. சி கேபிளை எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் வேலை செய்யவேண்டும், இல்லையா? ஒரு பக்கம் செருகினால் சார்ஜ் ஏறி, திருப்பிச் செருகினால் ஏறவில்லை என்றால், சார்ஜரும் போனும் பேசிக்கொள்ளும் இரண்டு தொடுமுனைகளில் ஒன்று போய்விட்டது. வேறொரு கேபிள் போட்டும் அப்படியே இருந்தால் கோளாறு போர்ட்டில்தான்.

வயதாகும் சார்ஜர் வேறு அறிகுறிகளும் காட்டும். முன்பு ‘ஃபாஸ்ட் சார்ஜிங்’ என்று வந்த போன் இப்போது மெதுவாக ஏறினால், பேச்சுவார்த்தை தோற்று வெறும் 5 வோல்ட்டில் நின்றுவிட்டது என்று பொருள். சார்ஜ் போட்டபடி தொடும்போது திரை தானாகத் துள்ளினால், தொடாத இடம் திறந்தால், வெளிவரும் மின்சாரத்தில் இரைச்சல் கூடிவிட்டது. மடிக்கணினியில் சார்ஜிங் விளக்கு விட்டு விட்டு அணைந்து எரிந்தால், சுமை தாங்காமல் சார்ஜர் தன்னையே நிறுத்தி நிறுத்தி மறுபடி முயல்கிறது. உலோகப் போனைத் தொட்டால் மெல்லச் சுள்ளென்று இழுப்பது மட்டும் முதுமையின் அறிகுறி இல்லை; எர்த் பின் இல்லாத சார்ஜரில் புதிதிலேயே அது உண்டு. இரைச்சலை அடக்க இரு பக்கத்துக்கும் நடுவே வைக்கும் ஒரு குட்டிக் கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் மிகச் சிறிய கரண்ட் அது.

எப்படிச் சாகிறது என்ற விஷயத்துக்கு வருவோம். எல்லாச் சார்ஜரும் ஒருநாள் நிற்கும். நல்ல சார்ஜர் ஃபியூஸ் போய், செத்த கட்டையாக நிற்கும். போன் பிழைக்கும், மனிதரும் பிழைப்பார். 325 வோல்ட் பக்கத்துக்கும் நாம் தொடும் பக்கத்துக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளியும் மூன்று அடுக்குக் காப்பிட்ட கம்பியும் இருக்கவேண்டும் என்பதற்கான காரணம் அந்தக் கடைசிக் கணம்தான். போலிச் சார்ஜர்களில் மிச்சம் பிடிப்பது முதலில் இங்கேதான். யு.எல். என்ற அமெரிக்கப் பாதுகாப்புச் சோதனை நிறுவனம் 2016-இல் 400 போலி ஆப்பிள் சார்ஜர்களைச் சோதித்தது. மூன்றைத் தவிர அத்தனையும் தோற்றன. பன்னிரண்டு உயிருக்கே உலை வைக்கக்கூடியவையாக இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை போனுக்குச் சார்ஜ் ஏற்றியிருக்கும் என்பதுதான் பயங்கரம். இந்தியாவில் விற்கும் சார்ஜரின் உடம்பில் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கவேண்டும். அந்த எண்ணை அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் போட்டால் யாருடைய பதிவு, எந்தப் பொருளுக்கு என்று உடனே தெரியும். அது பாதுகாப்புக்கான பதிவு. ஆயுளுக்கான உறுதி ஆகாது. ஆனாலும் அந்த எண் இல்லாத சார்ஜரை வீட்டுக்குள் விடக்கூடாது.

வாங்குபவர் கையில் இருப்பது மிகவும் எளிய உபாயம்: தேவைக்கு மேல் வாட் உள்ள சார்ஜரை வாங்குவது. 25 வாட் கேட்கும் போனுக்கு 65 வாட் சார்ஜர் போட்டால் போனுக்கு ஒன்றும் ஆகாது. அது கேட்பதைத்தான் சார்ஜர் கொடுக்கும். பாதிக்கும் குறைவான சுமையில் ஓடும் சார்ஜருக்குள் சூடு வெகுவாகக் குறைந்துவிடும், மேலே போட்ட கணக்கு முழுவதும் நமக்குச் சாதகமாகத் திரும்பும். போன் மட்டும் போடும் வீட்டில் சார்ஜர் கஷ்டப்படுவதே சார்ஜ் ஏறத் தொடங்கும் முதல் அரை மணி நேரம்தான்; பிறகு போன் தானே இழுப்பைக் குறைத்துக்கொள்ளும். நாள் முழுக்க மடிக்கணினியில் வேலை செய்பவர்தான் அதிகம் யோசிக்கவேண்டும். அவருக்கு உலகத்திலேயே சின்ன 65 வாட் சார்ஜர் வேண்டாம். சற்றுப் பெரிய 100 வாட் சார்ஜர் வேண்டும். சோபாவுக்குப் பின்னாலும் மெத்தைக்கு அடியிலும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நான்கு சார்ஜர்களை நெருக்கியும் வைக்காமல், காற்றுப்படும் இடத்தில் மாட்டினால் வருஷக்கணக்கில் லாபம். குறிப்பிட்ட நிறுவனத்தின் தனி வேகச் சார்ஜிங் முறையை மட்டும் நம்பிய சார்ஜரையும் தவிர்க்கலாம். போனை மாற்றியதும் அது உயிரோடு இருந்தும் வேகத்தை இழந்துவிடும். எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான யு.எஸ்.பி. ‘பவர் டெலிவரி’ முறை அப்படியில்லை. 2018-இல் வாங்கிய 18 வாட் சார்ஜரை இன்றைய போனும் ஏற்றுக்கொள்கிறது.

பழுதானால் சரிசெய்வது பற்றி நம்பிக்கையாகச் சொல்ல ஒன்றும் இல்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் எந்தக் கைதேர்ந்த மெக்கானிக்கும் அந்தக் கெப்பாசிட்டரை நிமிடங்களில் மாற்றிவிடுவார்; உதிரிப்பாகமும் அதே தெருவில் கிடைக்கும். ஆனால் சார்ஜரைத் திறக்க முடியாது. மேல் ஓட்டை மீயொலி அலையால் உருக்கி ஒட்டி, உள்ளே பசையையும் ஊற்றியிருக்கிறார்கள். ரம்பத்தால் அறுத்துத் திறந்ததை மறுபடி ஒட்டி 230 வோல்ட்டில் மாட்டுவது யாருக்கும் நல்லதில்லை. குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும் பொருளுக்கு ஸ்க்ரூ வைக்கத் தயங்குவதை ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் திறக்கவே முடியாத பொருளின் ஆயுளையாவது முன்கூட்டியே சொல்லவேண்டும்.

சொல்ல முடியாதது ஒன்றும் இல்லை. எல்.இ.டி. பல்புக்குள்ளும் இதே மாதிரிச் சுற்றுதான் இருக்கிறது, இதே திரவக் கெப்பாசிட்டர் பலவற்றில் இருக்கிறது. 2015-இல் மத்திய அரசு தொடங்கிய உஜாலா திட்டத்தின் பல்புகளுக்கு 25,000 மணி நேர ஆயுளும் மூன்று வருஷ மாற்று உத்தரவாதமும் சொல்லித்தான் கொடுத்தார்கள். நூறு ரூபாய் பல்பின் அட்டையில் இன்றும் மணிக்கணக்கு அச்சாகிறது. ஆயிரம், இரண்டாயிரம் கொடுத்து வாங்கும் சார்ஜரின் பெட்டியில் ‘40 டிகிரி அறையில், முழுச் சுமையில், இத்தனை ஆயிரம் மணி நேரம்’ என்று ஒரு வரி சேர்க்க எந்தத் தொழில்நுட்பமும் புதிதாகத் தேவையில்லை. கெப்பாசிட்டரின் தாள் நிறுவனத்திடம் இருக்கிறது. உள்ளே எத்தனை டிகிரி என்பதை வடிவமைத்த பொறியாளர் அளந்துதான் வைத்திருப்பார். பதிவு எண்ணைக் கட்டாயமாக்கிய அமைவனம் இந்த வரியையும் கட்டாயமாக்கலாம்.